உப்புப் பார்த்த பிள்ளை

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற ரோட்டைப் போட்டவர்கள், திருகோணமலை டவுனில் இருந்து வந்த மாணவர்கள். அவர்களுடைய நாக்கைப் பொசுக்கியவள் நான். அந்த ரோட்டு நாற்பது மாரிக்கு மேல் தாங்கிவிட்டது. அதைப் பற்றி ஊரில் இன்றைக்கும் பெருமையாகக் கதைப்பார்கள். என்னுடைய பங்கை நானே சொன்னால்தான் உண்டு. வேறு ஒருவரும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு நல்ல மனிதர்கள்.

மூதூர்ப் பக்கத்தில் வயலும் சதுப்புமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வீடுகள் ஒரு மேட்டில், பள்ளிக்கூடம் எதிர் மேட்டில். மாரி தொடங்கினால் இடையில் இருந்த பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், இரண்டு மாதம் எங்களுக்குப் படிப்பு இல்லை. அது எனக்கு ஒரு கவலையாகவே இருந்ததில்லை. வாப்பாவுக்கு இருந்தது. அவர் கிராம முன்னேற்றச் சங்கத்தின் தலைவர், தன் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாத தலைவர். டவுனில் படிப்பிக்கிற ஒரு சேர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லீவு நாட்களில் கூலி வாங்காமல் ஊர்வேலை செய்கிற சிரமதானத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, ஆளைப் பிடித்துக் கடிதம் எழுதுவித்தார். சேரும் சம்மதித்தார். இரண்டாம் தவணை லீவில் ஐந்து நாள் என்று முடிவாயிற்று.

சேர் பார்த்தது பள்ளிக்கூடக் கலண்டரை. பிறையை ஒருவரும் பார்க்கவில்லை. நாள் நெருங்கிய பிறகுதான், அந்த ஐந்து நாளும் நோன்பு மாதத்தின் நடுவில் விழுகிறது என்று மாமா கண்டுபிடித்தார். மாமா உம்மாவின் தம்பி. எந்தக் காரியத்திலும் ஓட்டையை முதலில் காண்கிறவர்.

"இப்ப வரவேணாம் எண்டு ஒரு கடுதாசி போடுங்க மச்சான். நோன்போட ஆரு மண் சுமக்கிற? ஆரு அவங்களுக்கு ஆக்கிப் போடுற?"

"வாறம் எண்ட விருந்தாளிய வராத எண்டு சொல்லச் சொல்றியா?" என்றார் வாப்பா. "பெருநாளோட லீவும் முடிஞ்சிடும். பொறகு மழ வந்திடும். பேசாம இரி."

அவர்கள் வந்தார்கள். லாஞ்சியில் கடலைக் கடந்து, மூதூரில் இருந்து ட்ராக்டர்ப் பெட்டியில் ஏறி, மண்வெட்டியும் கடகமும் பாயுமாக, பன்னிரண்டு அண்ணன்மாரும் எட்டு அக்காமாரும் சேரும். தங்கினது பள்ளிக்கூடத்தில். நோன்பு மாதம் என்று கூச்சப்பட்டு, தாங்களே சமைத்துக்கொள்வதாகச் சேர் சொன்னார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னார்: "எங்கட ஊருக்கு வந்து நீங்க அடுப்பு மூட்டினா, அதவிட மானக்கேடு எங்களுக்கு வேற இல்ல." சும்மா வாய்வார்த்தை இல்லை. எங்கள் வீட்டுச் சட்டிகளில் மாட்டிறைச்சி சமைத்திருக்கிறோம், நம்பிச் சாப்பிடப் போகிற, மாடு தின்னாத இந்துப் பிள்ளைகளுக்கு அதில் ஆக்கிக் கொடுக்கக் கூடாது என்று, முந்தின வாரமே புது மண்சட்டி நான்கு வாங்கி வைத்துவிட்டார்.

இனி என் உத்தியோகத்துக்கு வருகிறேன். நோன்பு பிடித்தவர்கள் ஆணத்தில், அதாவது குழம்பில், உப்புப் பார்க்க ஏலாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருந்தாலும் உம்மாவுக்கு மனம் கேட்காது. எங்கள் பக்கத்து வீடுகளில், நோன்பு பிடிக்காத சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "போதுமா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அது நான். எனக்கு எட்டு வயது. வீட்டுச் சட்டிக்கு உம்மாவின் கை தவறாது, எனவே எனக்கு அதுவரை பெரிய வேலை இருந்ததில்லை. இருபத்தொரு பேருக்கு ஆக்குகிற சட்டிதான் உம்மாவுக்குப் பழக்கமில்லை. இரவுச் சாப்பாட்டை நோன்பு துறந்த பிறகு உம்மாவே பார்த்துக்கொள்வார். பகல் சட்டிக்கு நான்தான் பொறுப்பு.

முதல் நாளும் இரண்டாம் நாளும் நான் சப்புக்கொட்டிப் பார்த்து, "போதா உம்மா" என்றேன். உம்மா இன்னும் அரைச் சிரட்டை உப்புப் போட்டார். பிறகு நான் தலையை ஆட்டினதும் சட்டி இறங்கியது. ஊர் முழுக்க என் நாக்கில் நிற்கிறது என்று எனக்கு நினைப்பு.

பெரிய அண்ணன்மார் இருவர் வந்து சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், நான் பின்னால் ஓடுவேன். ஊர் ஆம்பிளைகள் பன்னிரண்டு பேர் வாப்பாவோடு சேர்ந்து மாணவர்களுக்குச் சமமாக மண் சுமந்தார்கள், நோன்போடு. அவர்கள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் மாணவர்கள் சாப்பிடுவார்கள். தொழுதுவிட்டு ஆட்கள் திரும்பி வரும்போது ஒரு பருக்கை கூட நிலத்தில் கிடக்காது. அப்படி ஓர் ஒழுங்கு.

அந்தப் பிள்ளைகளின் வேலையைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி போட்ட அண்ணன் ஒருவர், ஆள் ஈர்க்குச்சி. முதல் நாள் மண்வெட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்துச் சிரித்து மாமாவுக்குப் புரைக்கேறியது. மூன்றாம் நாள் அந்த ஈர்க்குச்சி, இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, மாமாவை விட ஒரு கடகம் கூடுதலாகச் செம்மண் கிறவல் வெட்டிப் போட்டது. மாமா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சாந்தி அக்கா என்று ஒருவர் இருந்தார், அவர்மேல் எனக்கு உயிர். வந்த அன்றே என் பறட்டைத் தலையை வாரி, தன் நாடாவை இரண்டாக வெட்டி இரட்டைப் பின்னல் கட்டிவிட்டவர். டொக்டருக்குப் படிக்கப் போகிறவர் என்று சொன்னார்கள். தலையில் கடகத்தை வைத்தால் கையால் பிடிக்கமாட்டார், நேரே நடப்பார். நானும் வெறும் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அப்படி நடந்து பார்த்து, வேலியில் மோதினேன்.

இவ்வளவு சந்தோசத்தையும் கெடுத்தவன் மாமாவின் மகன். அவனுக்கும் எட்டு வயதுதான். அந்த வருஷம் மூன்று நோன்பு பிடித்துவிட்டான். பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டுமே, வந்து என் முகத்துக்கு நேரே நின்றான்.

"நான் மூணு. நீ தின்னி. உப்புப் பார்க்கிற சாட்டுல திங்கிற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்மாவிடம் போய் நானும் நோன்பு பிடிக்கப் போகிறேன் என்றேன். உம்மா தேங்காய் துருவிக்கொண்டே, "வாற வருஷம் புடி மகள். இந்த வருஷம் ஒண்ட நாக்கு எனக்கு வேணும்" என்றார்.

மூன்றாம் நாள் ஒருவருக்கும் சொல்லாமல் நோன்பு பிடித்தேன். விடியுமுன் எல்லோரோடும் எழும்பிச் சாப்பிட்டேன். காலையில் உம்மா தந்த ரொட்டி கோழிகளுக்குப் போயிற்று. மூன்று நோன்பை முடித்துவிட்டு அவன் மூக்கை உடைக்க வேண்டும், அதுதான் என் எண்ணம்.

பதினொரு மணிக்கு உம்மா கூப்பிட்டார். அகப்பையில் இருந்து மீன் ஆணம் ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விழுந்தது. பாரை மீன், நல்ல மணம். வாயில் எச்சில் ஊறியது. நான் முதுகைக் காட்டித் திரும்பி, நாக்கால் 'சப்' என்று சத்தம் மட்டும் செய்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தேன்.

"சரியா?"

"சரி உம்மா. நல்லாயிருக்கு."

முதல் இரண்டு நாளும் நான் போதா என்றதால், உம்மா அன்று முன்கூட்டியே ஒன்றரைச் சிரட்டை உப்புப் போட்டிருந்தார். அதே எண்ணத்தில், உதவிக்கு வந்த மாமியும் மீனை அவிக்கும்போது ஒரு சிரட்டை போட்டிருந்தார். இதெல்லாம் பிறகு வெளிவந்த கதை.

மாணவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாயில் எல்லோருடைய கையும் ஒரு கணம் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேர் இரண்டாம் வாயை அள்ளினார். உடனே எல்லோரும் அள்ளினார்கள். கண்ணாடி அண்ணன் மெதுவாக, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றார். இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்கக் குனிந்தார்கள். சேர் கண்ணை உருட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாந்தி அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "பிள்ளை, இண்டைக்கு உப்பு ஆர் பார்த்தது?"

"நான்தான்!"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு எண்டு உம்மாட்டச் சொல்லு" என்றார். பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணனிடம், "எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடுங்கோ" என்றார். சட்டி வழித்துத் துடைத்தபடி வீட்டுக்குத் திரும்பியது.

உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காலியான சட்டியை மாமிக்குக் கவிழ்த்துக் காட்டி, "பாத்தியா? இதுதான் அளவு. நாளைக்கும் இப்பிடியே போடுவம்" என்றார்.

அப்படியே நாலாம் நாளும். அப்படியே ஐந்தாம் நாளும். நானும் மூன்று நாளும் 'சப்' என்று சத்தம் செய்து, மூன்று நாளும் சரி என்றேன்.

ஐந்தாம் நாள் ரோட்டு பள்ளிக்கூட மேட்டைத் தொடுவதற்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் பாக்கி. பின்னேரம் அசர் தொழுகை முடிந்து வெகு நேரம் ஆகியும் வெயில் தணியவில்லை. சாந்தி அக்கா கடகத்தோடு வந்துகொண்டிருந்தார். முதன்முறையாகக் கடகத்தைக் கையால் பிடித்தார். பிடித்த கையோடு அப்படியே மண்ணில் விழுந்தார்.

எங்கள் வீடுதான் கிட்ட. தூக்கிக்கொண்டு வந்து பாயில் கிடத்தினார்கள். உம்மா முகத்தில் தண்ணீர் தெளித்தார். அக்காவின் உதடு வெடித்திருந்தது. கூட வந்த இன்னொரு அக்கா அழுதுகொண்டே, "இண்டைக்கு இவ சாப்பிடேல்ல. ஒரு வாய் வைச்சா, ஏலாமப் போச்சு" என்றார். அன்று சட்டியில் மிச்சம் இருந்தது. பசி மயக்கம் என்று நினைத்து, உம்மா அதில் சோற்றைக் குழைத்து அக்காவின் வாயில் வைத்தார். அக்கா அரை மயக்கத்தில் துப்பிவிட்டார்.

உம்மா அந்தக் கவளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, லெப்பை சொல்லியும் ஒரு நாளும் செய்யாத காரியத்தைச் செய்தார். ஒரு விரல் ஆணத்தை எடுத்து நாக்கு நுனியில் வைத்தார். ஓடிப்போய் முற்றத்தில் துப்பினார். திரும்பி வந்தபோது உம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"யா அல்லாஹ்! இதையா மூணு நாளாத் திண்டீங்க? ஏன் மகள் ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

அழுத அக்காதான் பதில் சொன்னார். "நோன்போட அடுப்படியில நிண்டு சமைக்கிறீங்கள். உப்புக் கூடிப்போச்சு எண்டு எந்த வாயால சொல்லுறது?"

"அப்ப தண்ணியாவது நல்லாக் குடிச்சிருக்கலாமே. குடம் வெச்சிருக்கே!"

"நோன்புகாரருக்கு முன்னால தண்ணி குடிக்கிறேல்ல எண்டு நாங்கள் முதல் நாளே கதைச்சு வைச்சனாங்கள். சாப்பிடேக்க குடிச்சாச் சரி. பிறகு பின்னேரம் நீங்கள் நோன்பு துறக்கிற பாங்கு சொன்னாப் பிறகுதான்."

ரோட்டோரம் இலுப்பை மரத்தின் கீழ் இருந்த குடம் ஐந்து நாளும் பின்னேரங்களில் நிறைந்தபடியே இருந்ததை நானும் கண்டிருந்தேன். பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தாகம் எடுப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

உம்மா என் பக்கம் திரும்பினார். "நீ உப்புப் பார்த்தியா?"

பொய் சொல்ல ஏலவில்லை. "பார்க்கல்ல உம்மா. நான் நோன்பு. மூணு நாளும் நோன்பு."

உம்மாவின் கை ஓங்கியது, ஆனால் அடி விழவில்லை. அந்தக் கை மெல்ல இறங்கி உம்மாவின் வாயையே பொத்திக்கொண்டது. "தண்ணி கொண்டு வா" என்றார். செம்பு நிறையக் கொண்டு வந்தேன். ஓடின ஓட்டத்தில் பாதி சட்டையில் சிந்திற்று.

அதற்குள் சாந்தி அக்கா எழும்பி உட்கார்ந்திருந்தார். செம்பை வாய்வரைக்கும் கொண்டு போனார். அப்போது வாசலுக்கு வெளியே கண் போயிற்று. முற்றத்தில் வாப்பாவும், மாமாவும், ஊர் ஆம்பிளைகளும் மண் படிந்த உடம்போடு, காய்ந்த வாயோடு, பிள்ளைக்கு என்னவோ என்று பார்த்தபடி நின்றார்கள். வாசலோரம், திண்ணையை ஒட்டி மற்ற மாணவர்கள். அக்கா செம்பைத் தாழ்த்தினார்.

"பாங்கு சொல்லட்டும் உம்மா. இன்னும் கொஞ்ச நேரம் தானே."

"நோன்பு எங்களுக்கு மகள், ஒங்களுக்கில்ல. குடிங்க!" உம்மா செம்பை அக்காவின் வாய்ப்பக்கம் தள்ளினார். அக்கா அசையவில்லை.

வாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். எங்கள் வாப்பா ஊர்க் கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் பேசக்கூடிய ஆள். அன்று இரண்டே வசனம்தான் பேசினார். மாணவர்களைப் பார்த்து, "குடத்த எடுத்து வந்து எல்லாரும் குடிங்க" என்றார். பிறகு ஊர் ஆம்பிளைகளைப் பார்த்து, "அங்கால திரும்புங்க" என்றார். தானும் திரும்பினார். மாமா திரும்பினார். ஒவ்வொருவராக எல்லோரும் ரோட்டுப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குப் பின்னால், சாந்தி அக்கா மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. முற்றத்தில் குடத்தில் செம்பு முட்டுகிற சத்தமும் கேட்டது. நான் வாசற்படியில் நின்றேன். எனக்கு முன்னால் செம்மண்ணும் வேர்வையும் ஒட்டின முதுகுகள், நடுவில் வாப்பாவுடையது. பொய் சொன்ன பிள்ளையின் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல்தான் வாப்பா ஊரையே திருப்பி நிறுத்திவிட்டார் என்று நினைத்து, அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து நான் அழுதேன்.