நாலாவில் ஒதுங்கிய தேங்காய்

எங்கள் மாமாவுக்குச் சந்தேகப்படக் காரணம் தேவைப்பட்டதே இல்லை. அந்த வருஷம் காரணமும் கிடைத்துவிட்டது. தாராவி கோலிவாடாவின் ஓரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை ஒட்டி ஒரு நாலா ஓடும். ஊர்ச் சாக்கடையெல்லாம் அதில்தான் கலக்கும். ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை எங்கள் பின்வாசல் படியில் ஒரு தேங்காய் ஒதுங்கிக் கிடந்தது. தங்க நிறத் தாள் சுற்றிக் குங்குமம் வைத்திருந்தார்கள். நான் ஆசையாக எடுக்கப் போனேன்.

"ஏட்டி, தொடாத! செய்வினைல்லா இது!" என்று மாமா அலறினார்.

எங்கள் திருநெல்வேலிக்காரர்களுக்கு, வாசலில் குங்குமத்தோடு தேங்காய் கிடந்தால் வேறு அர்த்தம் கிடையாது. வைத்தது வீட்டுக்காரம்மாதான் என்பதிலும் மாமாவுக்குக் குழப்பமில்லை. அவள் அந்த இடத்துப் பூர்வீக மீனவர்களான கோலிகளில் ஒருத்தி. பில்டரின் ஆட்கள் அவளிடம் பேசிவிட்டுப் போனதை மாமா பார்த்திருந்தார். எங்களைக் கிளப்பத்தான் இந்த வேலை என்று முடிவு கட்டினார். அப்பா இல்லாத வீடு; அம்மா நடுங்கிப்போனாள். நானோ, வீட்டுக்காரம்மா கொடுத்த வறுத்த மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டு, அது சாகிறதா என்று சாயங்காலம்வரை காத்திருந்தேன். பூனை இன்னொரு துண்டு கேட்டு வந்தது.

அம்மா மாமாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்காரம்மாவின் வீட்டுக்கே போய் நேராகக் கேட்டுவிட்டாள். எங்களோடு பழகிப் பிடித்த தமிழில் அவள் சொன்னாள்: "அது பூஜா தேங்கா, தங்கச்சி. கோலி லோக் வருஷா வருஷம் சமுத்ரத்துக்குக் குடுக்கும்."

"சமுத்திரமா? இந்த நாலாவா?"

"ஹா. என் மாமனார் இங்கதான் படகைக் கட்டிப்போடுவார்."

வெளியே வந்ததும் மாமா சொன்னார்: "சாக்கடையப் போயி கடலுங்கா! இடத்துக்கு உரிமை கொண்டாட இப்பமே அடிபோடுதா."

நானும் போய்ப் பார்த்தேன். நுரையும் பிளாஸ்டிக் பைகளும்தான் மிதந்தன. அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்கும் உறுதியாகிவிட்டது. சீக்கிரமே மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்கு மாறினோம். கிளம்பும்போது அவள் மீன் குழம்பு கொண்டுவந்தாள். அம்மா வாங்கவில்லை.

அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் உப்புத்தண்ணீர் அந்தப் படிவரை ஏறி இறங்கியிருக்கிறது. குப்பையும் மண்ணும் கொட்டித் தூர்த்த இடத்தில் வந்தவர்களெல்லாம் குடியேறினார்கள். மீனும் படகும் போன பிறகும் கோலிகள் மட்டும் நகரவில்லை; மிஞ்சிய சாக்கடையைக் கடலென்றே கும்பிட்டார்கள். எங்களை அவள் விரட்டப் பார்க்கிறாள் என்று பயந்தோமே, நாங்கள் அடுப்பு மூட்டியதே அவர்கள் கடலின் மேல்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரியும். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.