பதில் சொன்ன பெட்டி

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவரோடு பத்து வருடம் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். நம்பாதவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் படித்து முடித்தபிறகு உங்கள் வீட்டு அலாரம் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தால், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

ஜியான் போ-யாவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. எங்கள் ஊரான கீலுங்கில், துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு அலாரம் பொருத்துகிற வேலை. குடிக்க மாட்டார், கதை விட மாட்டார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சரியான பயந்தாங்கொள்ளி. எங்கள் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம் பிறந்துவிட்டால், பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டார். செத்தவர்களுக்குக் கதவு திறந்துவிட்டு, அவர்கள் ஊருக்குள் நடமாடுகிற மாதம் அது. அவர்கள் கூப்பிட்டு நாம் பதில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது கதை. எங்கள் ஊரில் எல்லோரும் இதில் ஜாக்கிரதையாகத்தான் இருப்போம். ஆனால் போ-யாவ் கொஞ்சம் அதிகம். சோறு போடட்டுமா என்று கேட்பதற்குக்கூட அவர் மனைவி சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதர்தான் அந்தத் தப்பைச் செய்தார்.

அன்று ஏழாம் மாதம் பதினோராம் தேதி. காலையிலிருந்தே மழை. மேட்டுச் சந்தில், ஸ்கூட்டர்கூட ஏற முடியாத படிக்கட்டுகளுக்கு மேலே ஒரு பழைய வீடு. புதிதாகக் குடிவந்திருந்தவர் ருவான் ஷூ-சிங். ஐம்பது வயது. மீன் ஏல மண்டியில் இரவு வேலை. அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். மகள் மண்டிக்குப் போனால் விடியும்வரை அவர் தனிதான்.

"மாஸ்டர், ஆறு மணிக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுவேன். அதுக்குள்ள முடிஞ்சுடும்ல?"

"முடிச்சுடலாம். பழைய குடித்தனக்காரங்க விட்டுட்டுப் போன பெட்டி நல்லாத்தான் இருக்கு. உள்ள இருக்கிற வயர்லெஸ் மாட்யூலை மட்டும் மாத்தணும்."

"நல்லா இருக்கிறதை எதுக்கு மாத்தணும்?"

"பழசுக்குக் காது மட்டும்தாங்க. வாய் கிடையாது. உங்கப்பா கழுத்துல மாட்டிக்கிற பொத்தானை அமுக்கினா அது கேட்டுக்கும். ஆனா அது கேட்டுச்சா இல்லையான்னு அவருக்குத் தெரியாது. புதுசு பதிலும் சொல்லும். அவர் கழுத்துப் பொத்தான்ல பச்சை விளக்கு எரியும். கேட்டுடுச்சு, ஆள் வராங்கன்னு அர்த்தம்."

ஷூ-சிங் குடையை விரித்தபடியே நின்றார். "அந்த விளக்கு எரியணும் மாஸ்டர். வேலைக்குப் போகலைன்னா சோறு இல்லை. அந்த ஒரு பொத்தானை நம்பித்தான் அவரை விட்டுட்டுப் போறேன்."

அவர் போனார். போ-யாவ் தனியாக வேலையைத் தொடங்கினார்.

கரென்ட்டை அணைத்தார். பெட்டியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினார். பழைய மாட்யூல் தூசி படிந்து கிடந்தது. அதைப் பிடுங்கி, புதியதைச் செருகி, நான்கு திருகாணி போட்டார். இரண்டு ஆன்டெனாக்களையும் நிமிர்த்திவிட்டார். பிறகு பெட்டியின் தலையில் ஒரு பச்சைப் பொட்டலத்தை வைத்தார். தேங்காய் வாசனை போட்ட சோளப்பொரிதான். மிஷின் சமர்த்தாக இருக்கட்டும் என்று வைப்பது. பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, பச்சை தவிர வேறு நிறம் கூடாது. எங்கள் தொழிலில் இதை வைக்காமல் சுவிட்சைத் தொடுகிறவன் கிடையாது. பொட்டலம் காற்று நிறைந்து கும்மென்று இருந்தது.

சுவிட்சைப் போட்டார். வேலை முடியும்வரை சிக்னல் எங்கள் கண்காணிப்பு மையத்துக்குப் போகாதபடி சோதனை நிலையில் வைத்தார். பெட்டிக்குள் பதிவு செய்த பெண்குரல் பேசியது. கருவிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொன்னது.

வாசல் கதவைத் திறந்து மூடினார். "ஒன்று. கதவு. சேர்க்கவா?" ஆம் என்று அமுக்கினார். ஜன்னல் இரண்டாவது. ஆள் நடமாட்டம் பார்க்கிற கருவி மூன்றாவது. புகை கண்டுபிடிக்கிற கருவி நான்காவது. கடைசியாக, பெரியவருக்கான கழுத்துப் பொத்தானை மேஜைமேல் வைத்து ஒரு அமுக்கு. "ஐந்து. கழுத்துப் பொத்தான். சேர்க்கவா?" ஆம்.

குனிந்து ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"கழுத்துப் பொத்தான். சேர்க்கவா?"

இரண்டாவது தடவை கேட்கிறது போல என்று நினைத்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி ஆம் என்று அமுக்கினார்.

"ஆறு. சேர்ந்தது."

ஆறா?

பையைக் கொட்டிப் பார்த்தார். அவர் கொண்டுவந்தது ஒரே ஒரு பொத்தான். அது மேஜைமேல் இருந்தது. மணி நான்கு பன்னிரண்டு. கண்காணிப்பு மையத்துக்கு போன் போட்டார். அங்கே இருந்தவள் ஆ-லிங். வாயாடி.

"பக்கத்து வீட்டுப் பொத்தானா இருக்கும் அண்ணே. சிக்னல் எத்தனை கோடு காட்டுது?"

"ஒண்ணு."

"அப்ப தூரத்துலதான் இருக்கு. அழிச்சுடுங்க. இல்ல... ஏழாம் மாசமாச்சே, யாராவது வேண்டப்பட்டவங்க கூப்பிடுறாங்களோ என்னமோ!"

"வாயைக் கழுவு, போ."

அழித்தார். பெட்டி ஐந்து என்றது. மனசு லேசானது. மூடியை எடுத்துப் பொருத்தப் போனார்.

"ஆறு. கழுத்துப் பொத்தான். உதவி தேவை."

கை அப்படியே நின்றது.

அழித்த கருவி பேசாது. பேச முடியாது. திரையைப் பார்த்தார். இரண்டு கோடு. அடுத்த நொடி பெட்டியே பதில் சொன்னது.

"கேட்டது. உதவி வருகிறது."

அப்போதுதான் போ-யாவுக்கு உறைத்தது. ஏழாம் மாதம். யாரோ கூப்பிட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லைதான். ஆனால் பதில் சொல்கிற பெட்டியை அவரே தன் கையால் பொருத்திவிட்டார். சேர்க்கவா என்று கேட்டபோது, ஆம் என்றும் சொல்லிவிட்டார்.

"உதவி தேவை."

மூன்று கோடு.

அவர் அசையவில்லை. பெட்டி அசையாது. அப்படியென்றால் அசைவது எது?

பின்கட்டிலிருந்து ஒரு சத்தம். குளியலறைப் பக்கம். ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல... கொஞ்சம் இழுத்து, நின்று, மறுபடி இழுத்து...

கூடவே இன்னொரு சத்தம்.

டிக்... டிக்... டிக்...

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். பொத்தானை அமுக்குகிற சத்தம்.

"கேட்டது. உதவி வருகிறது."

நான்கு கோடு.

ஓட வேண்டும் என்று நினைத்தார். வாசலுக்குப் போக அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவே முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். வாயை இறுக மூடிக்கொண்டார்.

இழுபடுகிற சத்தம் நின்றது.

ஐந்து கோடு.

கை நீட்டினால் தொடுகிற தூரம்தான் ஐந்து கோடு.

டிக்... காதுக்குப் பின்னால்.

"மாஸ்டர்..."

வயதான பெண்ணின் குரல். தொண்டை வறண்ட குரல்.

அவர் திரும்பவில்லை.

பதில் சொல்லவில்லை.

பெட்டி சொன்னது.

"கேட்டது."

புஸ்ஸ்... என்று ஒரு மூச்சு. பெட்டியின் தலையில் இருந்த பச்சைப் பொட்டலம், யாரோ கையால் பிழிந்ததுபோல மெல்லச் சப்பிப் போனது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ அவருக்கே தெரியாது. வாசல் கதவு திறந்தது. "ஒன்று. கதவு" என்றது பெட்டி. ஷூ-சிங், இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கிவந்த அப்பா, மழைவாடை. மணி ஐந்து ஐம்பது. திரையில் ஆறு என்ற எண்ணே இல்லை. பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். எங்கும் ஒரு கிழிசல் இல்லை.

"அக்கா..." போ-யாவ் தொடங்கினார். "இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் அப்பாவை வேற எங்கயாவது..."

"எங்க மாஸ்டர்? வேற இடம் இருந்தா இந்த மேட்டு வீட்டுக்கு ஏன் வரேன்?"

அதற்குள் பெரியவர் பொத்தானை எடுத்து, நல்ல கையால் அமுக்கிப் பார்த்துவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது. கோணிய வாயால் குழந்தைபோலச் சிரித்தார்.

"பதில் சொல்லுதுடா!"

மாட்யூலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் போ-யாவுக்குத் தோன்றியது. பிடுங்கினால் அந்த மனிதருக்கு ராத்திரி முழுக்க நாதியில்லை. விட்டால்... எதை நம்பி விடுவது? கடைசியில் விட்டுவிட்டுத்தான் வந்தார். அன்று இரவு அவர் கண் மூடவில்லை.

காலை ஏழு பத்துக்கு ஆ-லிங் கூப்பிட்டாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

"அண்ணே, அந்த வீட்டுல இருந்து ராத்திரி உதவி கேட்டு சிக்னல் வந்துச்சு. நான்தான் மகளுக்கும் ஆம்புலன்சுக்கும் சொன்னேன். பெரியவர் குளியலறையில விழுந்து மண்டை உடைஞ்சு கிடந்திருக்கார். உயிர் இருக்கு."

"அஞ்சாவது பொத்தான்தானே?"

"அஞ்சாவது பொத்தான் கட்டில் பக்கத்து ஆணியில தொங்கிக்கிட்டு இருந்துச்சாம் அண்ணே." கொஞ்சம் நிறுத்தினாள். "சிக்னல் வந்தது ஆறாவதுல இருந்து. மணி ரெண்டு நாப்பத்தொண்ணு."

போ-யாவ் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வார்டு வாசலில் ஷூ-சிங்கும் வீட்டுச் சொந்தக்காரர் யாங்கும் நின்றார்கள். யாங் முகம் செத்துப்போயிருந்தது. போ-யாவ் நேற்று நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டபிறகு, இதுவரை மறைத்ததைச் சொல்லிவிட்டார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி பெங் அம்மான்னு ஒருத்தங்க தனியா குடியிருந்தாங்க. அதே குளியலறையிலதான் விழுந்தாங்க. பெட்டியில கரென்ட் இல்லை, அது அவங்களுக்குத் தெரியாது. ரெண்டு நாள் அமுக்கிக்கிட்டே கிடந்திருக்காங்க. நாங்க பார்க்கிறப்போ கட்டைவிரல் பொத்தான் மேலயே விறைச்சுப்போயிருந்துச்சு. பிரிக்க முடியலை. அப்படியே சேர்த்துத்தான் எரிச்சோம்."

ஷூ-சிங் அழுதார். கை கூப்பினார். "தனக்குக் கிடைக்காத உதவியை எங்கப்பாவுக்கு வாங்கிக் கொடுத்துட்டாங்க அந்தம்மா. பழம், ஊதுபத்தி எல்லாம் வாங்கிட்டேன் மாஸ்டர். அப்பா தேறினதும் அந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். இனி அவர் தனி இல்லை."

போ-யாவுக்கும் கண் கலங்கியது. நாமும் போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம் என்று நினைத்துக்கொண்டே பெரியவரின் கட்டிலருகே போனார்.

"எப்படிங்கய்யா விழுந்தீங்க?"

பெரியவர் மெல்லப் பேசினார். "நல்லாத்தான் படுத்திருந்தேன். கடிகாரம் மூணு அடிச்சுது. எண்ணினேன். அப்போ குளியலறையில இருந்து ஒரு பொம்பளை, மாஸ்டர்... மாஸ்டர்னு கூப்பிட்டா. துறைமுகத்துல என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஏன்னு கேட்டேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து போனேன்."

போ-யாவ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பெரியவர் விழுந்தது மூன்று மணிக்குப் பிறகு. உதவி கேட்டு சிக்னல் வந்தது இரண்டு நாற்பத்தொன்றுக்கு. நல்லபடியாகப் படுத்திருந்த மனிதருக்காக யாராவது உதவி கேட்பார்களா? இல்லை, விழப்போகிறார் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்ததா?

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பெரியவர் திரும்பிப் போய்ப் படுக்கப்போவது அதே வீட்டில். போ-யாவ் ஷூ-சிங்கிடம் இரண்டு நேரங்களையும் சொன்னார்.

ஷூ-சிங் மனசுக்குள் கணக்குப் போட்டார். கையிலிருந்த ஊதுபத்திப் பையைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார்.

கட்டிலில் பெரியவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"பாவம், யாரோ. நான் ஏன்னு கேட்டதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்..."