எந்த மண் என்று கேட்டார்கள்

தினமும் மாலையில் எங்கள் வீட்டு நடையில் கறுப்பு மணிகளைப் பெருக்கி அள்ளுகிறேன். மிளகை ஒன்றிரண்டாக உடைத்துப் போட்டது போல இருக்கும். பழைய டயர்களை அரைத்த ரப்பர் அது. ஃபின்லாந்தில் குளிர்காலம் முழுக்கத் தரை உறைந்து கிடப்பதால் பிள்ளைகள் கால்பந்து ஆடுவது பிளாஸ்டிக் புல்லின் மேல். அந்தப் புல்லுக்கு இடையில் மண்ணுக்குப் பதிலாக இந்த ரப்பரைத் தூவியிருக்கிறார்கள். என் மகள் கோமதி பயிற்சி முடிந்து வந்து காலுறையைக் கழற்றினால் பொலபொலவென்று உதிரும். விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் காலில் மண் இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை. சங்கரன்கோவிலில் இருந்தவரை, கரிசல் அப்பிய செருப்போடு உள்ளே வராதே என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தவள் நான்.

கோமதி இப்போது பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஃபின்லாந்து தேசிய அணியில் ஆடுகிறாள். இடதுபுறத் தடுப்பாட்டம். தேசிய அணியை இங்கே 'மாயோக்குவே' என்பார்கள். 'மா' என்றால் நாடு. 'மா' என்றால் மண்ணும்தான். நாமும் மண் என்று இரண்டையும் சொல்வதால் இந்தச் சொல் எனக்கு முதல் நாளே மனதில் நின்றுவிட்டது. அவள் இந்த அணியில் சேர்வதற்காகத்தான் நாங்கள் இந்நாட்டுக் குடியுரிமை வாங்கினோம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை என்பதால் நீல பாஸ்போர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து ஒரு பயம் என்னோடு இருக்கிறது: இவர்கள் இவளை வேண்டாம் என்றால், அந்தப் பக்கமும் கதவு இல்லை.

எதையும் ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் என் பயம் கொஞ்சம் அடங்கும். அதனால் இந்த அணியின் பழைய ஆட்டங்களைத் தேடிப் படித்து நாட்குறிப்பில் எழுதினேன். பெரும்பாலும் ஐரோப்பியத் தகுதிச் சுற்றிலேயே நின்றுவிடும் அணி. ஒருமுறை உலகக் கோப்பைக்காக உருகுவே வரை போய், முதல் சுற்றோடு திரும்பியிருக்கிறது. எழுதும்போது எனக்கு வேறொரு அணி ஞாபகம் வந்தது. நாங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வருடம் இந்தியாவில் பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களின் உலகக் கோப்பை நடந்தது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். கொலம்பியாவுக்கு எதிராக நம் பையன் ஒருவன் தலையால் முட்டிக் கோல் போட்டான். உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். அண்ணன் சோபாவின் மேல் ஏறி ஆடினார். அவர் இறங்குவதற்குள் கொலம்பியா திருப்பி அடித்துவிட்டது. "ஏலே, ஆடி முடிக்கவாவது விடுங்கலே!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். இந்தியா மண்ணைக் கவ்வியது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த கோமதி, "எந்த மண்ணு மாமா? கோவில் மண்ணா?" என்று கேட்டாள். அண்ணன் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இந்த வருடத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் எங்கள் தம்பெரே நகரத்திலேயே நடப்பதாக முடிவானதும் அண்ணன் புற்றுமண் அனுப்பி வைத்தார். எங்கள் ஊர் அம்மன் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் பூசுவோம். வயிறு சரியில்லை என்றால் நாக்கில் ஒரு சிட்டிகை வைப்போம். கோமதிக்கு ஆட்டம் நெருங்கினால் வயிறு கலங்கும். "எம் மருமவ நம்மூரு மண்ணத் தின்னுட்டுப் போயி மத்தவளுவள மண்ணக் கவ்வ வைக்கட்டும்" என்றார் போனில். ஆட்டத்தன்று காலையில் அவள் நெற்றியில் இட்டு, நாக்கிலும் கொஞ்சம் வைத்து அனுப்பினேன். மிச்சத்தைப் பொட்டலமாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜெயித்தார்கள். நான் கத்தி முடிப்பதற்குள் அணியின் மேலாளர் ஸன்னா பார்வையாளர் வரிசைக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். ஊக்கமருந்துச் சோதனைக்குக் குலுக்கலில் கோமதியின் எண் வந்திருக்கிறது, சிறுமி என்பதால் கூடப் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும், அவள் அம்மாவைக் கேட்கிறாள் என்றார். படியிறங்கும்போதே காலையில் என் விரலில் இருந்த மண் ஞாபகத்துக்கு வந்தது.

சின்ன அறை. சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்ட அதிகாரி அம்மாள் ஒருவர். இந்த வாரம் மாத்திரை, சத்துப் பொடி ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் இல்லை என்று தலையசைக்க நினைத்தேன், தலை அசையவில்லை. கோமதி சாதாரணமாகச் சொன்னாள்: "சோயின் மாத்தா." மண் சாப்பிட்டேன். அதிகாரி பேனாவை நிறுத்தி என் பக்கம் திரும்பி, "மித்தா மாத்தா?" என்றார்.

இந்த மொழியில் 'மா' வாக்கியத்துக்குள் 'மாத்தா' ஆகும்; என்ன மண் என்று கேட்கவும், எந்த நாடு என்று கேட்கவும் அதே சொற்கள்தான். என் காதில் நாடு மட்டும்தான் விழுந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். ஜெயித்தபோது இவர்கள் பிள்ளை, சோதனை என்றதும் எந்த நாட்டுப் பிள்ளை. கைப்பையைத் திறந்து எங்கள் இருவருடைய சிவப்பு பாஸ்போர்ட்டையும் மேசை மேல் வைத்தேன். "ஃபின்லாந்து. நாங்கள் ஃபின்லாந்து" என்று எனக்குத் தெரிந்த ஃபின்னிஷில் சொன்னேன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

"அம்மா, அவங்க என்ன மண்ணுன்னு கேக்காங்க" என்றாள் கோமதி. "நீ ஏன்மா பாஸ்போர்ட்டக் காட்டுத?"

பிறகு அவளே விளக்கினாள். கோவில், புற்று, எறும்பு, பாம்பு. பாம்பு என்றதும் ஸன்னாவின் புருவம் உயர்ந்தது. அதிகாரி மட்டும் முகம் மாறாமல் 'மா' என்று எழுதி, பக்கத்தில் இந்தியா என்று எழுதிக்கொண்டார். தப்பு ஒன்றும் இல்லாவிட்டால் தங்களிடமிருந்து கடிதம் எதுவும் வராது என்றார்.

மண்ணோடு வேறு எதுவும் கலந்து சோதனையில் சிக்கிவிடுமோ என்று, வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, மண்ணை எதில் வைத்திருந்தார் என்று கேட்டேன்.

"எதுல வைப்பாவ? வீட்டுல ஒரு காலி டப்பா கெடந்துச்சு. அதுல போட்டு வச்சிருந்தேன்."

"என்ன டப்பாண்ணே?"

"நம்ம பய ஜிம்முக்குப் போறாம்லா, அவன் பவுடரு குடிப்பாம்லா, அந்த டப்பா. நல்லா கழுவித்தான் வச்சேன், ஏட்டி. என்னத்துக்கு அழுத?"

நம் வீடுகளில் காலி டப்பாவைத் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை. பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல் இருக்கும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி இருக்கும். அப்படித்தான் இதுவும். நான் இங்கே மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்; கழுவிய பாத்திரத்திலும் எவ்வளவு தங்கும் என்று தெரியும். அந்த ஜிம் பொடியில் எந்த ஊக்கமருந்து கலந்திருந்ததோ அதுதான் தெரியாது. ஸன்னாவுக்கு டப்பா விஷயத்தை அப்படியே எழுதி அனுப்பினேன். 'தகவலுக்கு நன்றி' என்று ஒரு வரி வந்தது. ஊரில் என்றால் யாராவது திட்டியிருப்பார்கள், இல்லை ஒன்றுமில்லை போங்கம்மா என்றிருப்பார்கள். எனக்கு இரண்டில் எதுவாயிருந்தாலும் போதுமாக இருந்திருக்கும். இங்கே ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அதன் பிறகு கதவில் தபால் போடும் திறப்பின் மூடி டக்கென்று விழும் ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மின்கட்டணம். பல்பொருள் அங்காடி விளம்பரம். கடிதத்தில் என்ன இருக்கும் என்று நானே எழுதிப் பார்த்துக்கொண்டேன். செய்தியில் அவளை எப்படிச் சொல்வார்கள் என்றும் யோசித்தேன்: ஃபின்லாந்து வீராங்கனை என்றா, இந்தியாவில் பிறந்தவர் என்றா. கோமதி என்னைப் பார்த்து, "நான்தாம்மா மண்ணத் தின்னேன், நீ ஏன் இப்படி முழிக்க?" என்றாள். ஆனால் அவளும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கடிதம் வரவில்லை. ஐரோப்பியப் போட்டிக்கான அணி அறிவிக்கப்பட்டபோது அவள் பெயர் இருந்தது. அண்ணனிடம் சொன்னபோது, "அம்மன் காப்பாத்திட்டா" என்றார். பிறகு, "டப்பாவத் தூரப் போட்டுட்டேன்" என்றும் சொன்னார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஒன்றும் வராததையே நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நேற்று காலை ஐரோப்பியப் போட்டிக்குக் கிளம்பும்போது கோமதி, "மண்ணு எங்கம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன். நாக்குக்கு வேண்டாம், நெற்றிக்கு மட்டும் என்றாள். அதற்கும் என் கை எழவில்லை. அவள் பையிலிருந்து எடுத்து நான் அலமாரியில் வைத்திருந்த பொட்டலத்தை அவளே எடுத்து, விரலால் தொட்டு இட்டுக்கொண்டு, நாட்டின் சின்னம் பதித்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டுப் பெருக்கினேன். முறத்தில் கறுப்பு ரப்பரும், அவள் நெற்றியிலிருந்து உதிர்ந்த பழுப்பு மண்ணும் கலந்து கிடந்தன. ரப்பரைக் குப்பையில் போடலாம். கோவில் மண்ணைப் போடக் கூடாது, கால்படும் இடத்தில் கொட்டவும் கூடாது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன். ரப்பர் எளிதாகக் கைக்கு வந்தது. மண் என் விரல் ரேகைகளுக்குள் ஏறிக்கொண்டு, எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே நின்றது.