கதவு வலப்பக்கம் இருந்த பேருந்து

திரைப்படங்களில் வந்த வாகனங்களைச் சிறிதாகச் செய்து வைக்கும் போட்டி. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் நடந்தது, நான்தான் நடுவர். ஒரு பேருந்து ஓட்டுநர் வேலைச் சீருடையோடே வந்திருந்தார். தன் பொருளைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பழைய தமிழ்ப் படப் பாட்டொன்றில் வரும் பேருந்தை அட்டையில் செய்திருந்தார். கதவு வலப்பக்கம் இருந்தது. பெயர்ப்பலகை எழுத்துகளும் இடவலம் மாறியிருந்தன.

“அண்ணே, தினம் பஸ் ஓட்டுறீங்க, கதவு எந்தப் பக்கம்னு தெரியாதா?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“படத்துல அப்படித்தான் வருது, பாஸ். நல்லா பார்த்துட்டுத்தான் செஞ்சேன் லா.”

நான் பக்கத்திலிருந்தவரிடம், “பாவம், எழுதப் படிக்கத் தெரியாது போல” என்றேன். மெல்லச் சொன்னதாகத்தான் நினைப்பு. ஓட்டுநர் மறுபடி கைகளைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். பேருந்து வரும் காட்சியை மட்டும், கண்ணாடியில் தெரிவதுபோல, இடவலம் மாற்றிச் சேர்த்திருக்கிறார்கள். கதவு வலப்பக்கம். எழுத்தும் அவர் எழுதியிருந்தபடியே.

இப்போதெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் பேருந்து ஏறினால், கட்டணக் கார்டைக் கருவியில் தட்டிவிட்டு, ஓட்டுநரின் முகத்தைப் பார்க்காமல் நேரே பின்னால் போய்விடுகிறேன்.