ஐந்தாவது குடும்பம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊரில் குடியேறலாமா என்று பார்க்க வந்த ஒரு நல்ல மனிதரை, வெறும் வயிற்றெரிச்சலில், வந்த வழியே திருப்பி அனுப்பப் பார்த்தவன் நான். அவர் வந்தால்தான் என் மனைவியின் முழங்காலுக்கு விடிவு என்று தெரியாமல் செய்திருந்தால் முட்டாள்தனம் என்று விட்டுவிடலாம். தெரிந்தே செய்தேன். இதற்கு என்ன பெயர் என்று வீட்டில் கேட்டேன். அவள் சொன்ன பெயரை இங்கே எழுத முடியாது.

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் சாலையில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். என்னைப் போல் கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்தவர்கள் இங்கே மனை வாங்கி வீடு கட்டினோம். ஓய்வு பெற்றதும் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்கே போய்விட்டார்கள். பூட்டிய வீடுகள் கூடக் கூட மளிகைக் கடை சுருங்கியது, பேருந்து குறைந்தது. அதைப் பார்த்து அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெங்களூர் நெரிசலில் அலுத்துப்போன ஓய்வுபெற்றவர்களை இந்தப் பக்கம் குடியேற அழைப்பது. அவர்களுக்காக ஏரிக்கரையில் நடைபாதை, சாய்ந்து உட்கார பெஞ்சு, துணை சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள் பிசியோதெரபி.

நடைபாதையும் பெஞ்சும் எங்கேயும் ஓடிப் போகாது. பிசியோ மட்டும் சோதனைக்குத்தான். ஐந்து குடும்பங்கள் வருவதாகக் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வேறு ஊருக்குப் போய்விடும். நான்கு குடும்பங்கள் போட்டாகிவிட்டது.

பிசியோ வருவதற்கு முன்னால் என் மனைவியின் முழங்காலைக் காட்ட ஓசூர் போகவேண்டியிருந்தது. டவுன் பஸ் படி அவளுக்கு எட்டாது. நான் பின்னாலிருந்து தள்ளுவேன். "நான் என்ன சிமெண்டு மூட்டையா? மெதுவாத் தள்ளுங்க" என்று பஸ்ஸே கேட்கும்படி சொல்வாள். வீட்டு மாடிப்படியை நண்டு மாதிரி பக்கவாட்டில் ஏறுவாள். பிசியோ பெண்ணிடம் இரண்டு மாதம் போனாள். ஒரு நாள் மொட்டை மாடியிலிருந்து "ஏங்க! இங்க பாருங்க!" என்று சத்தம். குரங்கு வந்துவிட்டதோ என்று குச்சியோடு ஓடினேன். குரங்கு இல்லை. கைப்பிடிச் சுவரைத் தொடாமல் ஏறி, தோளில் ஈரத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

இவ்வளவும் பார்த்தவன்தான் நான்.

ஆனால் என் வயிறு வேறு கணக்குப் போட்டது. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் நான் ஓசூரில் வந்து இறங்கியபோது என்னை வரவேற்றது குளிர் ஒன்றுதான். ஒரு அறையில் எட்டுப் பேர். "கம்பெனிப் பசங்களுக்கு வீடு கிடையாது" என்று வாசலோடு அனுப்பியவர்களின் முகங்கள் இன்னும் வரிசையாக நினைவிருக்கின்றன. எங்கள் தெருக் கடைசி விளக்கு எரியவில்லை என்று நான் எழுதிய மனுக்களை அடுக்கினால் அதன்மேல் ஏறி நானே பல்பு மாட்டியிருக்கலாம். பெங்களூர்க்காரர் வருகிறார் என்றதும் மூன்றே நாளில் விளக்கு எரிந்தது. ஓரக் கற்களுக்கு வெள்ளையடித்தார்கள். கம்பெனியில் ஆடிட் வருவதற்கு முந்தின வாரம் இப்படித்தான் சுவரெல்லாம் பெயிண்ட் வாசம் அடிக்கும்.

கம்பெனியில் என் வேலை கடைசிப் பரிசோதனை. எந்த உதிரிபாகத்தை எடுத்தாலும் குற்றம் கண்டுபிடித்து, சிவப்பு அட்டை கட்டி, ரிஜெக்ட் என்று ஒதுக்கி வைக்க வேண்டும். ஓய்வு பெற்ற நாளில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் நேரம் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று அது தினமும் கேட்கிறது.

ஐந்தாவது குடும்பம் வருவதற்கு முந்தின நாள் ஊராட்சித் தலைவர் வீட்டுக்கு வந்தார். தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பத்துப் பெண், என்னைவிட ரொம்பச் சின்னவர்.

"அண்ணா, நாளைக்கு வர்றவங்களை நீங்கதான் சுத்திக் காட்டணும். மூணு பாஷையும் உங்களுக்குத்தான் வரும்."

"செஞ்சுட்டாப் போச்சு."

"நல்லதாச் சொல்லுங்கண்ணா. உங்க வாயை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்கினார்கள், கணவனும் மனைவியும். அவர் பெங்களூரில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். இறங்கியதும் ஷூ கயிறு அவிழ்ந்திருப்பதைப் பார்த்தார். அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டினார். பிறகு எழுந்தார். எதையும் பிடிக்கவில்லை, "அம்மாடி" என்று சொல்லவில்லை, எலும்பு ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. என் வயிற்றில் அங்கேயே அடுப்பு மூட்டியாகிவிட்டது.

அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வைத் தட்டை ஏந்தி நின்றது நான். இளநீர் சீவிக் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தபோது என் மனைவி காபி கொண்டுவந்தாள், கல்யாணச் சீராக வந்த வெள்ளி டம்ளரில். அந்த டம்ளர் என் உதட்டைக் கடைசியாகத் தொட்டது தலைதீபாவளிக்கு.

"வாங்க. யோசிக்காம வந்து இங்கயே இருந்துடுங்க" என்றாள் அவர் மனைவியிடம். அப்புறம் என் பக்கம் ஒரு பார்வை. ஒழுங்காக இருங்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஒழுங்காகத்தான் தொடங்கினேன். ஏரிக்கரையில் அவர் ஆழமாக மூச்சு இழுத்து, "என்ன காத்து சார்! உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்றார். எனக்குக் கொடுத்து வைத்ததை இவர் ஒரே மூச்சில் இழுத்துவிட்டாரே என்று தோன்றியது. அதன்பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"காத்து நல்லா இருக்கும் சார். தண்ணிதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"ஹௌதா, அப்படியா?" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். எழுதுகிற ஆளைப் பார்த்தால் பரிசோதனைக்காரனுக்குக் கை பரபரக்கும். ஜல்லி லாரி தூசியைச் சொன்னேன். மழை வந்தால் மின்சாரம் போவதைச் சொன்னேன். மெயின் ரோடு வரை நடக்க வேண்டியதைச் சொன்னேன். தலைவர் எனக்குப் பின்னாலிருந்து இருமினார். இரண்டாவது முறை இருமினார். என் பட்டியல் பக்கத்துச் சானமாவுக் காட்டுக்கு வந்துவிட்டது.

"அங்கருந்து யானை வரும் சார். போன வருஷம் அதோ அந்த ராகிக் காட்டுல பாதிய மேஞ்சுட்டுப் போச்சு."

"எஷ்டு... எத்தனை யானை?"

"அது அதோட இஷ்டம் சார். தனியாவும் வரும், குடும்பத்தோடவும் வரும்."

அவர் மனைவி சிரிக்கவில்லை. நான் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் துணை சுகாதார நிலையத்துக்குத் திரும்பும் முனை வந்தபோது நான் நேராக நடந்தேன். ஊரில் எங்களுக்கென்று இருக்கிற ஒரே நல்ல பொருளையும் இவருக்குக் காட்ட வேண்டுமா என்று இருந்தது. அவருக்கு எதற்குப் பிசியோ, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு?

"யோசிச்சுச் சொல்றோம்" என்று காரில் ஏறிவிட்டார்கள். தலைவர் என்னைப் பார்த்து, "இதுக்கு யானையவே சுத்திக் காட்டச் சொல்லியிருக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போனார்.

வீட்டில் என் மனைவி வெள்ளி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிசியோ ரூமைக் காட்டுனீங்களா?"

"நேரம் இல்ல."

"ராகிக் காட்டைக் காட்ட நேரம் இருந்துச்சோ?"

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் டம்ளரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பிசியோவிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்யவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்தாள். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"எதுக்கு இது?"

"அடுத்த மாசம் அந்தப் புள்ள இருக்காதுல்ல. நானாப் பாத்துச் செய்யணும்ல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒட்டும்போது தாளின் ஒரு மூலை மடங்கியது. அதை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே நின்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் அந்த மனிதரின் எண்ணைக் கேட்டேன். "எதுக்கு சார்? இன்னும் ஏதாச்சும் சொல்ல பாக்கி இருக்கா?" என்றார் எழுத்தர். கெஞ்சி வாங்கினேன்.

"சார், அன்னைக்கு உங்களுக்கு ஒரு இடம் காட்டாம விட்டுட்டேன்" என்றேன் போனில்.

"யானை வேற வழியிலயும் வருதா?"

"இல்ல சார்." அதற்குமேல் வேடிக்கை வரவில்லை. பிசியோ அறையைச் சொன்னேன். என் மனைவி மாடி ஏறியதைச் சொன்னேன். ஐந்தாவது கையெழுத்தைச் சொன்னேன். ஏன் காட்டவில்லை என்று கேட்டார். "உங்க சால்வை, உங்க இளநீர், உங்க முழங்கால், எல்லாம் பாத்துப் பொறாமை சார்" என்றேன். அந்தப் பக்கம் அவர் யாரிடமோ கன்னடத்தில் பேசுவது கேட்டது.

"வெள்ளிக்கிழமை வர்றோம்" என்று வைத்துவிட்டார்.

வந்தார்கள். அவருடைய மனைவிக்கு வலது தோள் தூக்க வராது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தலைவாரக்கூட அவர்தான் உதவுகிறாராம். பிசியோ பெண் அந்த அம்மாவைச் சுவர் பக்கம் நிற்கவைத்து, விரல்களை எறும்பு மாதிரி மேலே நடத்தச் சொன்னாள். பக்கத்தில் என் மனைவி காலை நீட்டி மடக்கிக்கொண்டே, "மொத வாரம் உசுரு போகும். அப்புறம் சரியாயிரும், பாருங்க" என்று தைரியம் சொன்னாள். அந்த அம்மாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனாலும் இரண்டு பேரும் எதற்கோ சேர்ந்து சிரித்தார்கள். என்னோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். பாருங்கள், அங்கேயும் என் பொறாமை வேலையைக் காட்டியது.

போதாததற்குப் பிசியோ பெண் வாசலுக்கு வந்து, அவர் குனிந்து ஷூ மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், சாரைப் பாருங்க, எப்படி உட்கார்ந்து எந்திரிக்கிறாரு! நீங்களும் இருக்கீங்களே" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

எழுத்தர் பதிவேட்டை நீட்டினார். பெங்களூர்க்காரர் தன் சின்ன நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். தண்ணீர், லாரி, மின்சாரம், யானை எல்லாம் அதில் என் உபயம். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா வலது கையைத் தோள் வரைக்கும் தூக்கிக் காட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார்.

என் மனைவி நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்து நின்றாள். இந்த மனிதருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது.

"சார், எங்க வீட்டுக்கு நேர் எதிர்ல ஒரு வீடு பூட்டித்தான் கெடக்கு. நல்ல வீடு. நானே பேசி முடிச்சுத் தர்றேன். தெனம் காலைல சேர்ந்தே நடக்கலாம்."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"உங்க தெரு மட்டும் வேண்டாம் சார்."