மேல்வயலின் மூன்றாம் பாகம்

அந்த மெட்டின் முதல் சுரம் கேட்கும் முன்பே சேனன் கில்லீனின் இடது கை ஸ்டீயரிங்கை விட்டுப் போய், வேனில் ஓடும் பாட்டை நிறுத்தும் பொத்தானை அழுத்திவிடுகிறது. சாலை வளைவோ, எதிரே டிராக்டரோ, அவருக்கு அக்கறையில்லை. அதற்கு முந்தைய மெட்டுகளையெல்லாம் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு கேட்டு வந்தவர்தான். இது மட்டும் ஆகாது. "வேணாம் ஃபிலோ, காலங்காத்தால இது வேணாம்" என்பார் என்னிடம். சாயங்காலம் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

மனிதருக்குத் தொழில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. அயர்லாந்தில் எங்கள் மேற்குக் கிளேர் வட்டாரத்தில் பாதிக் கன்றுகள் அவர் தயவில் பிறந்தவை. வேன் நிற்பதற்குள் ஒரு கால் வெளியே இருக்கும். "தொப்பி போட்ட காளை வந்தாச்சுடோய்!" என்று பண்ணைக்காரர்கள் கூவுவார்கள். "காளைக்காவது ஓய்வு உண்டுய்யா, எனக்கு மலைக்கு அந்தாண்ட இன்னும் நாலு வீடு கெடக்கு" என்றபடியே கையுறையை மாட்டுவார். டீ கொடுத்தால் நின்றுகொண்டே பாதி குடிப்பார். எங்கள் பக்கத்தில் ஏதாவது மதில் மேல் பாதிக் கோப்பை டீ ஆறிக்கிடந்தால் சேனன் வந்துபோயிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அவருடைய பலவீனம் தெரிந்த சில போக்கிரிகள், வேன் சத்தம் கேட்டதும் பால் கறக்கும் கொட்டகையில் அந்த மெட்டைச் சத்தமாக ஓடவிடுவார்கள். அன்று மாட்டுக்கும் மரியாதை கிடைக்காது, மாட்டுக்காரனுக்கும் கிடைக்காது.

நடனங்களுக்கு வாசிக்கிற எங்கள் நாக்மோர் பேண்டில் அவர் மரக்குழல், நான் பியானோ. எனக்கு இடம் அவருடைய முதுகுக்குப் பின்னால். நான் சேர்ந்த நாள் முதல் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் புருஷன் முதுகைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மற்றவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். இவர் குழலை மூன்றாகக் கழற்றுவார், துடைப்பார், பூட்டுவார், மறுபடி கழற்றுவார். எனக்கே பதற்றமாகிவிடும்.

எங்கள் பேண்டு என் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. பதினோரு இசைத்தட்டுகள் வந்திருக்கின்றன. எது எந்த வருஷம் என்று எங்களில் யாரைக் கேட்டாலும் தலையைச் சொறிவோம். சேனன் மாட்டை வைத்துச் சொல்லிவிடுவார். "மூணாவது ரெக்கார்டா? அப்பத்தான் லூனி வீட்டுச் செவலை ரெட்டைக் கன்னு போட்டுச்சு." "கோயில் மண்டபத்துல பதிவு பண்ணுனது, மழை கூட கேக்குமே, அந்த வருஷம் ஊரு பூராக் காளைக் கன்னு. ஒரு பய என்னோட பேசல."

அந்தப் பொல்லாத மெட்டு இரண்டாவது இசைத்தட்டில் இருக்கிறது. 'மேல்வயல்' என்று பெயர். கட்டியவர் மர்ட்டி ஹோனன். பத்து மாடு வைத்திருந்தார், பிடில் வாசிப்பார், அதிகம் பேசமாட்டார். அவர் தம் களத்தில் வைத்து அந்த மெட்டைச் சேனனுக்குச் சொல்லிக்கொடுத்தார். மெட்டுக்கு மூன்று பாகம். டப்ளினில் பதிவு நடந்த அன்று சேனன் பருவத்துக்கு வந்த கிடாரி போல நிலைகொள்ளாமல் இருந்தாராம். இரண்டாம் பாகம் முடிந்ததும் மூன்றாவதுக்குப் போகாமல், அவசரத்தில், மறுபடி முதல் பாகத்துக்கே திரும்பிவிட்டார். எங்கள் பேண்டில் குழல் போகிற வழிதான் எல்லாருக்கும் வழி. மற்றவர்களும் பின்னாலேயே திரும்பினார்கள். அடுத்த சுற்றிலும் அப்படியே வாசித்தார்கள், இல்லாவிட்டால் தப்பு தெரிந்துவிடுமே! பதிவு செய்தவர் கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலை உயர்த்தினார். நேரமும் முடிந்துவிட்டது.

அந்தத் தட்டுதான் எங்கள் தட்டுகளிலேயே அதிகம் விற்றது. அயர்லாந்து முழுக்க அதைக் கேட்டுத்தான் 'மேல்வயல்' பழகினார்கள். பள்ளிப் பிள்ளைகள், போட்டிக்கு வருகிறவர்கள், எங்கள் பேண்டில் பிறகு சேர்ந்த நாங்கள், எல்லாருக்கும் இரண்டு பாகம்தான். அன்று டப்ளினுக்குப் போனவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர் சேனன் மட்டுமே.

"மொத ரெண்டு பாகமும் மேட்டுல ஏறுறது ஃபிலோ. மூணாவதுலதான் கடல் தெரியும். ஊரு பூரா மேல ஏறிப்புட்டு, கடலைப் பாக்காமலே எறங்கி வந்துக்கிட்டிருக்கு. எல்லாம் என்னால" என்று ஒருநாள் வேனில் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை அவர். மதுக்கடையில் கூடி வாசிக்கும்போதெல்லாம் மூன்றாம் பாகத்தை நுழைக்கப் பார்ப்பார். இவர் ஒருவர் அங்கே போவார், மற்ற பன்னிரண்டு பேரும் முதல் பாகத்துக்குத் திரும்புவார்கள். சந்தையில் வண்டிகள் மோதிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் எழும். போன கோடையில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பிடில்காரர் மிகவும் மரியாதையாக அவரைத் திருத்தினார்.

"ஐயா, தப்பா வாசிக்கிறீங்க. நாக்மோர் ரெக்கார்டுல ரெண்டு பாகம்தான் இருக்கு."

"அந்த ரெக்கார்டுல குழல் வாசிச்சதே நான்தான்யா!"

"அப்படின்னா உங்களுக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணுமே" என்றார் அந்த மனிதர். கடையே சிரித்தது. சேனன் குழலைப் பெட்டியில்கூட வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

ஆனால் அவரை அரிப்பது இந்தச் சிரிப்பெல்லாம் இல்லை. இசைத்தட்டு வந்த அன்று மர்ட்டி ஒன்று வாங்கிப்போய்க் கேட்டார். "நல்லாருக்கு" என்றார். அதோடு சரி. அடுத்த வாரம் முதல் தாம் கட்டிய மெட்டைத் தாமே இரண்டு பாகமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். "கன்னத்துல ஒண்ணு விட்டிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். இந்த மனுசன் நல்லாருக்குன்னுட்டாரே!" என்று சேனன் இன்றைக்கும் புலம்புகிறார். மர்ட்டியின் மாடுகளுக்கு வருஷா வருஷம் ஊசி போட்டார், வீட்டுக்குள் மட்டும் கால் வைக்கவில்லை.

இப்போது பன்னிரண்டாவது இசைத்தட்டு. பழைய மெட்டுகளைத் திரும்ப வாசிப்பதாக ஏற்பாடு. 'மேல்வயலை' மூன்று பாகமாக வாசித்தே ஆகவேண்டும் என்று சேனன் ஒற்றைக்காலில் நின்றார். எங்கள் தலைவி அட்ராக்டா மலோனி லேசில் மசிகிறவள் இல்லை.

"ஊரு உலகம் கேட்டுப் பழகுனதை மாத்தச் சொல்றே. உன் ஒருத்தன் பேச்சை நம்பியா?"

"வேற யாரு இருக்கா, எல்லாரும் செத்துப் போயிட்டாங்களே!"

"கட்டுனவரு இருக்காரில்ல? மர்ட்டி வாயால மூணுன்னு சொல்லட்டும், மூணு வாசிப்போம். ரெண்டுன்னா ரெண்டு. அப்புறம் செத்தாலும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. ஃபிலோ, நீயும் கூடப் போ. இவன் பாதி கேட்டுட்டு ஓடி வந்துடுவான்."

செவ்வாய்க்கிழமை பதிவு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். வழி முழுக்கச் சேனன் கதவுக் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். மர்ட்டி அடுப்பருகே, மேஜையோரம் உட்கார்ந்திருந்தார். எண்பத்தெட்டு வயது. வலது கை நடுங்குவதால் பிடில் வாசிப்பதை விட்டுவிட்டார்.

"வா சேனா. மாட்டையெல்லாம் வித்துட்டேனேப்பா. எனக்கு ஊசி போடவா வந்த?"

சேனன் சிரிக்கவில்லை. வாசல்படி தாண்டியதுமே மூச்சு விடாமல் கொட்டிவிட்டார். "மர்ட்டி, 'மேல்வயல்'ல மூணாவது பாகம் இருந்துச்சு. டப்ளின்ல நான்தான் அதை விட்டுட்டேன். வேணும்னு இல்ல. அவசரத்துல. உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

மர்ட்டி இடது கையால் நிதானமாக ரொட்டியை அறுத்தார். "மூணாவதா? ரெண்டுதானப்பா. ரெக்கார்டுல நல்லாத்தானே வாசிச்சிருந்தீங்க."

"உங்க களத்துல வச்சு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க!"

"ஞாபகம் இல்லையே. உக்காரு. ஃபிலோ பொண்ணே, அந்த வெண்ணெயை இவன் பக்கம் தள்ளு."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் மன்னிக்க மாட்டார்கள். மன்னித்தேன் என்றால், நீ தப்பு செய்தாய் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அதனால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றுவிடுவார்கள். எனக்கு அந்தக் கிழவரின் பெருந்தன்மை மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு பாகம் பதிவாகும், அதோடு மூன்றாவதின் கதை முடிந்தது. அட்ராக்டாவிடம் நான் வேறு என்ன சொல்ல முடியும்?

சேனன் ரொட்டியைத் தொடவில்லை. குழலை எடுத்துப் பூட்டினார். "சரி. அப்ப இது என்னன்னு மட்டும் கேளுங்க" என்று நேரே மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கினார். நான் அதைத் தனியாக, முழுதாகக் கேட்டது அப்போதுதான். மதுக்கடைக் களேபரத்தில் எங்கே கேட்டிருக்கிறேன்! அவர் சொன்ன கடல் எனக்கும் தெரிந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

மர்ட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழை வரும் போல" என்றார்.

ஆனால் அவருடைய இடது கை மேஜை விரிப்பின் மேல் கிடந்தது, அதன் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. பிடில் கழுத்தில் ஓடுவது போல ஒவ்வொன்றாக அழுந்தி எழுந்தன, குழலோடு சேர்ந்து. ஓரிடத்தில் குழல் கீழே இறங்கியது. விரல்கள் இறங்கவில்லை. சுண்டுவிரல் எட்டிப்போய் அழுந்தியது. பிடிலில் அது மேல் சுரம்.

சேனனும் பார்த்துவிட்டார். குழல் நின்றது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காத்து வைத்திருந்ததிலும் ஓரிடம் பிசகு! மெட்டில் இரண்டு அடி பின்னால் போய் மறுபடி வாசித்து, அந்த இடம் வந்ததும் கீழே இறங்காமல் மேலே ஏறினார். மெட்டு தானாகத் திறந்துகொண்டது.

"இப்படியா, மர்ட்டி?" என்றார். 

"எப்படியா? அதான் ரெண்டுதான்னு சொன்னேனே" என்றார் மர்ட்டி, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல். இடது கை மட்டும் விரிப்பின் மேல் மெல்ல நகர்ந்து, மூன்றாம் பாகத்தின் முதல் சுரத்துக்குச் சுட்டுவிரலை ஊன்றி, குழல் வந்து சேரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது.