மாதா கோயிலின் நீலக் கண்ணாடி

பாலக்கரையில் எனக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் ஒரே பைத்தியம், கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது. இருவரும் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாக்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், உடைந்த வளையல், சாக்குத் துணி என்று வருஷம் முழுக்கச் சேர்த்து வைப்போம்.

ஒரு வருஷம் மாதா கோயிலில் வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பழுது பார்த்தார்கள். மிஞ்சிய துண்டுகளைக் கேட்க ஓடினேன்.

"நேத்தே உங்க பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போயிட்டாருங்களே" என்றார் கொத்தனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவரே கூப்பிட்டுக் காட்டினார். சிவப்பும் நீலமுமாக அட்டைச் சட்டத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தார். அதை வெயிலில் பிடித்ததும் சுவரெல்லாம் நிறம் விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அவர் காபி கொண்டுவர உள்ளே போனபோது, ஒட்டாமல் கிடந்த ஒரு நீலத் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் வந்தார். "ஒரு நீலம் குறையுதுங்க. உங்ககிட்ட ஏதாச்சும் கிடக்குமா?"

"எங்கிட்ட ஏதுங்க?" என்றேன்.

அந்த இடத்தில் அவர் மருந்து பாட்டிலின் பச்சைச் சில்லை ஒட்டினார். அப்படியும் தெருவே அவர் வீட்டில்தான் கூடியது. நான் எடுத்ததை என் குடிலில் வைக்க முடியவில்லை, பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார்.

பண்டிகை முடிந்ததும் மீந்த சிவப்புத் துண்டுகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்து நீட்டினார். "அடுத்த வருஷம் நீங்க செய்யுங்க, உங்களுக்குத்தான் கை நல்லா வரும்."

வாங்கிக்கொண்டேன். இப்படிக் கொடுக்க இந்த மனிதருக்கு எப்படி மனம் வருகிறது என்று, அதற்கும் பொறாமைப்பட்டேன்.